அண்ணாச்சி கடையா, ஏசி கடையா?

போன இதழில், "உங்கள் ஊருக்கு சூப்பர் மார்க்கெட் வந்த பிறகு நீங்கள் பொருள் வாங்குவதில் என்ன மாறியது?" என்று ஒரு வரி கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி சண்டைக் கடிதங்கள். கடைக்காரர்கள் ஒரு பக்கம், கல்லூரிப் பெண்கள் இன்னொரு பக்கம், நடுவில் மாத பட்ஜெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாக்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, இடம் இருக்கிற அளவுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் எழுதியிருந்ததால் எல்லோருக்குமே ஊர் மட்டும்தான்.

எங்கள் ஊரில் முன்பெல்லாம் மளிகை என்றால் மெயின் ரோட்டில் நாலைந்து கடைகள், அவ்வளவுதான். இப்போது ஏசி போட்ட சூப்பர் மார்க்கெட்டுகள் வரிசையாக வந்துவிட்டன. "இப்போதுதானே எல்லாம் விதவிதமாகக் கிடைக்கிறது" என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்கோ, நான் தேடுகிற பொருளில் பாதி அங்கே இல்லை என்று தோன்றுகிறது. யார் சொல்வது சரி?
– இல்லத்தரசி, கோவில்பட்டி

இரண்டு பேர் சொல்வதும் சரி. ஆனால் தராசில் போட்டால் உங்கள் தட்டு கொஞ்சம் இறங்கும்.

அடுத்த முறை போகும்போது சோப்பு அலமாரி முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். லக்ஸ், லைஃபாய், ஹமாம், லிரில், பியர்ஸ், டவ். ஆறு பெயர், ஆறு மணம், ஆறு விளம்பரம். ஆறும் இந்துஸ்தான் யூனிலீவர் என்கிற ஒரே கம்பெனியின் சரக்கு. டீத்தூள் பக்கம் வாருங்கள். த்ரீ ரோஸஸ், தாஜ்மஹால், ரெட் லேபிள் மூன்றும் அதே கம்பெனி. சக்ரா கோல்டு, கண்ணன் தேவன் இரண்டும் டாடா. இதில் தப்பு ஒன்றும் இல்லை, பிடித்ததை வாங்கலாம். ஆனால் இருபது வகை சோப்பு இருக்கிறது என்பதை வைத்து, இருபது பேர் நம் காசுக்குப் போட்டி போடுகிறார்கள் என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது.

இன்னொரு பக்கம் பாருங்கள். நீங்கள் கோவில்பட்டிக்காரர், அதலைக்காய் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலம் பிறந்தால் கரிசல் காட்டில் தானாக முளைக்கிற கொடி. பறித்த ஒன்றிரண்டு நாளில் காய் வெடித்துவிடும். கோணியை விரித்து உட்கார்ந்திருக்கிற பாட்டியிடம் அன்றைக்கே வாங்கி, அன்றைக்கே வதக்கிவிட வேண்டும். அப்படிப்பட்ட காய்க்கு எந்த சூப்பர் மார்க்கெட் இடம் கொடுக்கும்? அங்கே ஒரு பொருள் அலமாரி ஏற வேண்டுமானால் அதற்கு ஒரு பார்கோடு எண் வேண்டும், சப்ளை செய்கிறவர் பில் போட வேண்டும், வருடம் பூராவும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வர வேண்டும், லாரியில் வந்து கிடங்கில் இறங்கி இரண்டு நாள் தாங்க வேண்டும். அதலைக்காய்க்கு இதில் ஒரு தகுதியும் கிடையாது. ருசி ஒன்றுதான் உண்டு.

வாழைப்பழமும் அப்படித்தான். தெற்கே பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, செவ்வாழை, நாட்டுப்பழம், நாகர்கோவில் பக்கம் போனால் மட்டி என்று ஊருக்கு ஊர் தார் தொங்குகிறது. பெரிய செயின் கடைகள் பலவற்றில் உங்களை முதலில் வரவேற்பது ஒரே சீரான மஞ்சளில் நீளமாக இருக்கிற ரோபஸ்டா வகைதான். அடிபடாமல் பயணம் செய்கிற பழம் அது என்பதால் அதற்குத்தான் மேடை. அரிசியிலும் இதே கதைதான்: மண்டிக்காரர் சாக்கைத் திறந்து ஒரு பிடி அள்ளிக் காட்டுவார், நாம் பல்லில் கடித்துப் பார்த்து பழசா புதுசா என்று சொல்வோம். தைத்த மூட்டையில் அதெல்லாம் எப்படி முடியும்?

உங்கள் வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. ஓட்ஸ், காளான், குழந்தைக்கு சரியான அளவில் டயாபர், சர்க்கரை நோயாளிக்கு வேண்டிய சாமான், இதற்கெல்லாம் முன்பு மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ பஸ் ஏற வேண்டியிருந்தது. இப்போது வேண்டாம். வீட்டில் நோயாளியோ கைக்குழந்தையோ இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

ஆக, வெளியூரிலிருந்து வருகிற பொருளில் உங்களுக்குத் தேர்வு கூடியிருக்கிறது, உங்கள் ஊர் மண்ணில் விளைகிற பொருளில் குறைகிறது. அந்தப் பாட்டி கோணியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டால் அதலைக்காய்க்கு வேறு வழியில்லை.

பீடி சுற்றுகிறேன். சனிக்கிழமை கூலி. பெரிய கடையில் எல்லாம் அரை கிலோ, ஒரு கிலோ பாக்கெட்டாக இருக்கிறது. எனக்கு வேண்டியது பத்து ரூபாய்க்குப் பருப்பு, ஐந்து ரூபாய்க்குக் கடுகு. "பெரிய பாக்கெட் வாங்கினால் லாபம்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் நஷ்டப்படுகிறேனா?
– தென்காசி அருகே ஒரு கிராமம்

அக்கா, வந்த கடிதங்களிலேயே முக்கியமானது உங்களுடையதுதான். நகரத்தில் உட்கார்ந்து சில்லறை வணிகம் பற்றிப் பேசுகிறவர்கள் மறந்துபோகிற விஷயமும் இதுதான். தேர்வு என்றால் எந்த பிராண்டு என்பது மட்டும் இல்லை. எவ்வளவு வாங்கலாம், எப்போது காசு கொடுக்கலாம் என்பதும் அதில் சேர்த்தி. தெருக்கடையில் ஐந்து ரூபாய்க்குக் கடுகு கேட்டால் தாளில் மடித்துக் கொடுப்பார்கள். கூலி வராத வாரம் பற்று நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அந்த நோட்டுக்கு வட்டி கிடையாது, பான் கார்டு கேட்பதில்லை, உங்கள் முகம்தான் ஜாமீன். பில்லிங் மெஷினுக்கு முகம் தெரியாது.

நீங்கள் நஷ்டப்படுகிறீர்களா என்றால், பொருளுக்குப் பொருள் மாறும். பருப்பு, கடுகு மாதிரி சாமான்களில் சில்லறையாக வாங்கினால் கிலோ கணக்குக்கு விலை கொஞ்சம் கூடத்தான் விழும். ஆனால் ஷாம்பூவில் தலைகீழ். நிறைய பிராண்டுகளில் சாஷேயை எண்ணி வாங்கினால் பெரிய பாட்டிலைவிட மில்லி கணக்கில் மலிவு. அந்த சாஷே வியாபாரமே நம் சிறுகடைகளை நம்பி வளர்ந்தது. 1983-ல் கடலூரில் தொடங்கிய சிக் ஷாம்பூ, ஒரு தடவைக்கு வேண்டியதை மட்டும் சில்லறைக் காசுக்கு வாங்கலாம் என்கிற ஒரே யோசனையை வைத்துக்கொண்டு பெரிய கம்பெனிகளை முழி பிதுங்க வைத்தது. இன்றைக்கும் அந்தச் சரங்கள் தொங்குவது பெட்டிக்கடை வாசலில்தான். பெரிய கடையில் பாட்டில்தான் கண்ணில் படுகிற மாதிரி இருக்கும்.

பெரிய பாக்கெட் உண்மையில் லாபமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. இப்போது பாக்கெட்டில் எம்ஆர்பியோடு ஒரு கிராமுக்கு இவ்வளவு, ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று அலகு விலையும் அச்சிட வேண்டும் என்பது சட்டம். எழுத்து பொடியாக இருக்கும், தேடிப் படியுங்கள். இரண்டு அளவு பாக்கெட்டையும் கையில் எடுத்து அந்த ஒரு எண்ணை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

அப்புறம், துவரம் பருப்பு 30 ரூபாய்க்கும் பாமாயில் 25 ரூபாய்க்கும் ரேஷனில் கொடுக்கிற திட்டம் இருக்கும்போது அதை விட்டுவிடாதீர்கள். எந்த சூப்பர் மார்க்கெட் ஆஃபரும் அதன் பக்கத்தில் வர முடியாது. எண்ணெயை மட்டும் உதிரியாக அளந்து வாங்காமல் இருப்பது நல்லது. கலப்படம் நடக்கிற இடம் அது, உணவுப் பாதுகாப்பு விதிகளும் பொதுவாக உதிரி எண்ணெய் விற்பதைத் தடுக்கின்றன. சின்ன பாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள்.

எதற்கு எல்லோரும் அண்ணாச்சி கடைக்காக உருகுகிறீர்கள்? எங்கள் தெருக்கடையில் விலை கேட்டால் முறைப்பார். நாப்கின் கேட்டால் கடையில் நிற்கிற எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். எக்ஸ்பைரி தேதி பார்த்தால் "வேண்டாம்னா வச்சிடும்மா" என்பார். சூப்பர் மார்க்கெட்டில் நானே எடுக்கிறேன், நானே விலை பார்க்கிறேன், பிடிக்காவிட்டால் திரும்ப வைக்கிறேன்.
– கல்லூரி மாணவி, பொள்ளாச்சி

உங்களோடு சண்டை போட எனக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் எழுதியதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைத் திண்ணைக்குக் கீழே நிற்க வைத்து, காசைத் தரையில் வைக்கச் சொல்லிப் பொருள் கொடுத்த ஊர்கள் இந்த மாநிலத்தில் இருந்தன. ஒரே கூடையைத் தூக்கிக்கொண்டு, ஒரே அலமாரியில் கையை விட்டு, ஒரே வரிசையில் நின்று பில் போடுவது அந்த ஊர்க்காரர்களுக்கு வெறும் வசதி இல்லை. பழைய கடைக்காக ஏங்கி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கடையில் மரியாதையாக நடத்தப்பட்டவர்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன்.

ஒரே ஒரு விஷயம். அந்தக் கடைக்காரர் நாப்கினைத் தாளில் சுற்றாமல் கொடுக்கவும், தேதி பார்க்கிற வாடிக்கையாளரைச் சகித்துக்கொள்ளவும் இப்போது மெல்லக் கற்றுக்கொண்டிருக்கிறார் என்றால், அது நீங்கள் எதிர்க் கடைக்குப் போனதால்தான். நீங்கள் போய்விடுவீர்கள் என்கிற பயம் இருக்க வேண்டும், நீங்கள் திரும்பி வரவும் ஒரு கடை இருக்க வேண்டும்.

"எம்ஆர்பியில் 10 சதவீதம் தள்ளுபடி" என்கிறார்கள். சீனி மொத்த விலைக்கும் கீழே கிடைக்கிறது. எப்படிக் கட்டுப்படியாகிறது? நம்பலாமா?
– ஓய்வு பெற்ற அரசு ஊழியர், மன்னார்குடி

ஐயா, எம்ஆர்பி என்பது அதிகபட்ச விலை. அதற்குக் கீழே எவ்வளவுக்கு வேண்டுமானாலும் விற்கலாம். அது சரியான விலை என்றும், அதிலிருந்து இறங்குவதெல்லாம் கடைக்காரரின் தயவு என்றும் நாம் பழகிவிட்டோம். சில பொருள்களில் எம்ஆர்பியே தூக்கலாகத்தான் அச்சாகிறது. அதில் பத்து சதவீதம் குறைப்பதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

சீனி விஷயம் வேறு. மாதா மாதம் வாங்குவதால் நம் எல்லோருக்கும் மனப்பாடமாக விலை தெரிந்த பொருள்கள் கொஞ்சம்தான்: சீனி, எண்ணெய், துவரம் பருப்பு, பல்லாரி வெங்காயம், பால். இவற்றில் கடைக்காரர் லாபத்தை விட்டுக்கொடுப்பார், சில சமயம் கைக்காசைப் போட்டும் விற்பார். சீனி இங்கே மலிவு என்றால் எல்லாமே மலிவு என்று மனசு முடிவு செய்துவிடும். அப்புறம் பிஸ்கட், பாத்திரம் விளக்குகிற பஞ்சு, டப்பா, முந்திரி, கடைசியில் பில் கவுண்டர் பக்கத்தில் குழந்தை கை நீட்டுகிற சாக்லேட், இதில் அவர் விட்டதைப் பிடித்துவிடுவார். இந்தப் பொருள்களின் விலை நமக்கு நினைவில் இருக்காது. ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன், வியாபாரம். கடையின் சொந்த பிராண்டில் பருப்பு, மசாலா போடுவதும் அப்படித்தான். விளம்பரச் செலவு இல்லை, லாபம் முழுதும் அவருக்கே, நமக்கும் கொஞ்சம் மலிவு.

மற்றபடி, நேர்மையான காரணங்களும் உண்டு. லாரி லோடாக வாங்குகிறார்கள், கம்பெனியிடம் தனி பேரம் பேசுகிறார்கள். டிமார்ட் மாதிரி சில செயின்கள் பெரும்பாலும் சொந்தக் கட்டடத்தில் கடை வைப்பதால் வாடகைச் சுமை குறைவு.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. கடை போடுகிற ஆஃபர் நோட்டீஸை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் வீட்டு மாதச் சிட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதே சிட்டைக்கு இரண்டு கடையிலும் மொத்தம் எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். நிறைய வீடுகளில் சோப்பு, டிடர்ஜென்ட், பிஸ்கட், டூத்பேஸ்ட் பெரிய கடையில் மலிவாக இருக்கும். உதிரிப் பருப்பு, மிளகாய், புளி, அரிசி ஆகியவற்றில் பழைய கடை பின்வாங்காது. வரியும் ஒரு காரணம்: 2022 ஜூலையில் பாக்கெட் செய்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. உதிரியாக அளந்து கொடுத்தால் இல்லை. உடனே நம் அரிசி ஆலைக்காரர்கள் 26 கிலோ மூட்டை தைக்க ஆரம்பித்தார்கள். அந்த ஒரு கிலோவின் ரகசியம் புரிந்தவர்கள் மூட்டையாகவே வாங்கிப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

நம்பலாமா என்று கேட்டீர்களே, அதற்கு சுபிக்‌ஷா கதை ஒன்றே போதும். 1997-ல் சென்னையில் சின்னதாக, ஏசி இல்லாமல், மலிவு விலை ஒன்றையே மந்திரமாக வைத்துத் தொடங்கிய கடை. 2008-க்குள் நாடு முழுக்க சுமார் 1,600 கிளைகள். ஓட்ட ஓட்டமாகக் கிளை திறந்ததில் கைப்பணம் தீர்ந்தது, சம்பளம் கொடுக்க முடியவில்லை, சரக்கு வரவில்லை, 2009-ல் ஷட்டர் இறங்கியது. சென்னையில் ஒரு கடை மூடினால் அடுத்த தெருவில் பத்து கடை உண்டு. ஆனால் சின்ன ஊரில் வெளியூர் செயின் ஒன்று வந்து, பக்கத்தில் இருந்த மூன்று மளிகைக் கடைகள் மூடி, அப்புறம் தலைமை அலுவலகத்தில் யாரோ கணக்குப் பார்த்து "இந்தக் கிளை கட்டுப்படியாகவில்லை" என்று அதையும் மூடினால்? மூடிய மளிகைக் கடைக்காரர் இதற்குள் கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் போயிருப்பார். மலிவாக வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் முழுச் சிட்டையையும் ஒரே கடையில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள்.

மளிகைக் கடை வைத்திருக்கிறேன், அப்பா காலத்துக் கடை. ஏஜென்சி எனக்குக் கொடுக்கிற விலையைவிடக் குறைவாக பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் அதே சோப்பு சில்லறைக்கே விற்கிறது. ஆஃபர் வந்தால் நானே பையன்களை அனுப்பி அங்கே வாங்கிவந்து என் கடையில் விற்கிறேன். வெட்கமாக இருக்கிறது. நாங்கள் என்னதான் செய்வது?
– சங்கரன்கோவில்

வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை அண்ணாச்சி. கம்பெனி பெரிய கடைக்கும் மொத்த விற்பனை ஆப்களுக்கும் கொடுக்கிற மார்ஜின் வேறு, ஏஜென்சி வழியாக உங்களுக்கு வருகிற மார்ஜின் வேறு. இதை எதிர்த்து 2021 கடைசியில் நாடு முழுக்க விநியோகஸ்தர்களே கொடி தூக்கினார்கள், நுகர்பொருள் கம்பெனிகளுக்கு ஒத்துழைக்க மாட்டோம் என்று கடிதம் எழுதினார்கள். பிரச்சினை அந்த அளவுக்குப் பழையது, அந்த அளவுக்குப் பொது. அடக்க விலைக்கும் கீழே விற்றுப் போட்டியாளரை ஒழிப்பது போட்டிச் சட்டம் 2002-ன்படி கூடாதுதான், ஆனால் விற்கிறவர் சந்தையில் ஆதிக்க நிலையில் இருக்கிறார் என்று நிரூபிக்க வேண்டும். சோப்பு ஆஃபருக்காக நீங்கள் டெல்லிவரை போய் அதைச் செய்துகொண்டிருக்க முடியாது.

ஆகவே நடைமுறைக்கு வருவோம். சோப்பு, பேஸ்ட், பிஸ்கட்டில் அவர்களோடு விலைப் போட்டி போடாதீர்கள், அது தோற்கிற ஆட்டம். அவற்றைக் கடைக்கு அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பலம் அவர்களால் செய்ய முடியாததில் இருக்கிறது. உதிரிச் சாமான், அன்றன்றைக்கு அரைத்த இட்லி மாவு, கண் முன்னால் திரித்த மிளகாய்த்தூள், சுற்றுவட்டார கிராமத்திலிருந்து வருகிற நாட்டுக் காய், வாட்ஸ்அப்பில் சிட்டை அனுப்பினால் வீட்டுக்குப் போகிற சாமான், காலை ஆறு மணிக்குத் திறந்த கதவு. கடனையும் நிறுத்தாதீர்கள், ஆனால் ஆளுக்கு ஒரு வரம்பு வையுங்கள். கடனில் மூழ்கிய மளிகைக் கடைகள் சூப்பர் மார்க்கெட்டில் மூழ்கியவற்றுக்குக் குறைந்தவை அல்ல.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். விலைப் பலகை எழுதி வையுங்கள், பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க விடுங்கள். மேலே பொள்ளாச்சிப் பெண் எழுதியதை ஒரு தடவை படியுங்கள்.

சேர்ந்து வாங்குவது பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். நமக்கு அது புதிதா என்ன? சென்னை திருவல்லிக்கேணியில் 1904-லேயே நுகர்வோர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். விருதுநகர், சிவகாசிப் பக்கத்து நாடார் வணிகர்கள் உறவின்முறை என்கிற தங்கள் சமூகச் சங்கத்துக்கு மகமை, அதாவது வியாபாரத்தில் ஒரு சிறு பங்கு, பிரித்துப் பள்ளிக்கூடம் கட்டினார்கள், 1921-ல் தூத்துக்குடியில் வங்கியே தொடங்கினார்கள், அதுதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு லோடு துவரம் பருப்பு இறக்கினால் விலை எவ்வளவு மாறும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தடையாக இருப்பது பணத்தைவிட, அடுத்த கடைக்காரருக்கு நம் அடக்க விலை தெரிந்துவிடுமே என்கிற கூச்சம்தான்.

சிறுகடைகள் ஒன்றுசேர்ந்தால் அலமாரியையே மாற்ற முடியும் என்பதற்கு 2017 சாட்சி. ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த சூட்டோடு, மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. அந்தக் கோடையில் தெருக்கடை ஃபிரிட்ஜ்களில் காளிமார்க்கின் பொவண்டோ பானம் கம்பீரமாக நின்றது. 1916-ல் விருதுநகரில் பிறந்த காளிமார்க் கம்பெனிக்கு அப்படி ஒரு விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைத்திருக்காது. எவ்வளவு நாள் நீடித்தது என்பது வேறு கதை.

வெளிநாட்டுக் கம்பெனி வரக் கூடாது என்று அன்றைக்கு எவ்வளவு போராடினோம்! கடைசியில் ஊர் பூராவும் சூப்பர் மார்க்கெட்தானே?
– தேநீர்க் கடைக்காரர், திண்டிவனம்

ஆமாம். 2012 செப்டம்பரில் பல பிராண்டு சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் வரை வெளிநாட்டு முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தது. திரிணாமூல் காங்கிரஸ் கூட்டணியை விட்டே வெளியேறியது. மாநில அரசு சம்மதித்தால்தான், அதுவும் பெரும்பாலும் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில்தான் என்று நிபந்தனை. தமிழ்நாட்டில் விட மாட்டோம் என்றார் அன்றைய முதல்வர் ஜெயலலிதா. திண்டிவனத்துக்கு அந்த அனுமதியின் வழியாக யாரும் வந்திருக்கவே முடியாது.

நம் சின்ன ஊர்களுக்கு வந்ததில் நிறைய, நம் ஆட்களே. மண்டி வைத்திருந்தவரின் மகன், பாத்திரக் கடைக்காரரின் மருமகன், துணிக்கடையில் சம்பாதித்த குடும்பம், பழைய மளிகைக் கடையையே இடித்துவிட்டு மூன்று மாடி கட்டியவர். அதனால்தான் வெள்ளைக்காரன், கார்ப்பரேட் என்கிற கோஷம் இங்கே ஒட்டவில்லை. அதில் ஒரு நல்லதும் இருக்கிறது. உள்ளூர் முதலாளி என்றால் கோவில்பட்டிக் கடலைமிட்டாயையும் பக்கத்து ஊர் ஊறுகாயையும் எடுத்துவையுங்கள் என்று கல்லாவில் நேராகப் போய்ச் சொல்லலாம். செயின் கடையின் கிளை மேனேஜரிடம் சொன்னால், பாவம், அவர் கையில் ஒன்றுமே இல்லை.

வெளிநாட்டில் சின்ன ஊர்களில் இது எப்படி முடிந்தது?
– பலர்

ஒரே மாதிரி முடியவில்லை. ஜப்பான் 1973-லேயே பெரிய கடைகளுக்குக் கடிவாளம் போட ஒரு சட்டம் கொண்டுவந்தது, அமெரிக்க நெருக்குதலில் அதைத் தளர்த்தித் தளர்த்தி, 2000-ல் எடுத்தேவிட்டது. இன்று அங்கே சின்ன ஊர்களின் கடைவீதிகளில் வரிசையாக இறக்கிய ஷட்டர்கள்தான், அப்படிப்பட்ட தெருக்களுக்குத் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். முதியவர்கள் அதிகமாகி ஊரில் ஆள் குறைந்ததும் சேர்ந்துகொண்டது. பிரிட்டன் 1990-களில் விழித்துக்கொண்டு, பெரிய கடை வேண்டுமானால் முதலில் ஊருக்கு நடுவில் இடம் தேடு, பைபாஸ் ரோட்டில் அப்புறம் பார்க்கலாம் என்று கட்டட அனுமதி விதியை மாற்றியது. நமக்கு உதவக்கூடிய யோசனை அதுதான். ஊர் நடுவில் இருக்கிற பெரிய கடைக்கு வருகிறவர் பக்கத்தில் பூ வாங்குவார், செருப்பு தைப்பார், டீ குடிப்பார். பைபாஸில் இருக்கிற கடைக்கு வண்டி உள்ளவர் மட்டும் போவார், போனவர் நேராக வீடு திரும்பிவிடுவார். நம் நகராட்சிகள் அனுமதி கொடுக்கும்போது இதையெல்லாம் யோசிக்கின்றனவா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

பைக்குத் தனியாகக் காசு கேட்கிறார்களே?
– செங்கோட்டை

முன்கூட்டியே சொல்லாமல் பில் போடும் இடத்தில் பைக்குக் காசு பிடிப்பது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. புகார் எண் 1915. ஆனால் மஞ்சப்பை ஒன்று கையில் இருந்தால் இந்த வழக்கே தேவையில்லை.

பெரிய கடை ஒன்றில் பில்லிங் வேலை. காலையில் இருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே. உட்கார உரிமை உண்டா?
– பெயர், ஊர் வேண்டாம்

உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஊழியர்களுக்கு இருக்கை போட வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார விட வேண்டும். கேரளம் இதை 2018-லேயே செய்துவிட்டது. தனியாகப் போய்ப் பேசாமல் நாலு பேராகப் போங்கள், தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளருக்கு எழுதுகிறோம் என்று சொல்லுங்கள். வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வார்த்தை: கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்து, இல்லை என்றால் மேனேஜரிடம் கேளுங்கள். முதலாளிகள் ஊழியர் கேட்டால் காது கொடுக்க மாட்டார்கள், நீங்கள் கேட்டால் கொடுப்பார்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், மாதச் சாமானை எங்கேதான் வாங்குவது?
– பட்டுக்கோட்டை

சரி. சோப்பு, டிடர்ஜென்ட், பேஸ்ட், டயாபர், டப்பாவில் வருகிற எல்லாம்: பெரிய கடை, ஆஃபர் பார்த்து, வீட்டில் எழுதிய சிட்டையோடு, முடிந்தால் குழந்தை இல்லாமல். அரிசி: மண்டி. பருப்பு, புளி, மிளகாய், மல்லி: பார்த்து, முகர்ந்து, உதிரியாக உங்கள் தெருக்கடையில். காய்கறி: உழவர் சந்தை இருக்கிற ஊர் என்றால் அங்கே. 1999-ல் மதுரையில் தொடங்கிய திட்டம், இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே விற்கிறார், அன்றைய விலை பலகையில் இருக்கும், ஆனால் விடிகாலையில் எழுந்து போக வேண்டும். இல்லாத ஊரில் வாரச் சந்தை. அவசரத்துக்கும் கடனுக்கும் தெருக்கடைக்குப் போகிறவர்கள், ரொக்கம் கையில் இருக்கும்போதும் அங்கே கொஞ்சம் வாங்குங்கள்.

எந்தக் கடையாக இருந்தாலும் எலெக்ட்ரானிக் தராசில் இந்த வருடத்து முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், பாத்திரத்தை வைத்தபின் சைபர் காட்டுகிறதா என்றும் பாருங்கள். ஏசி கடைத் தராசுக்கும் இது பொருந்தும்.